படுக்கைப் பற்றாக்குறை: பணம் போதவில்லையா, போய்ச் சேரும் இடம் சரியில்லையா?

கேள்வி இது: "ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, நோயாளிகள் வராந்தாவில் கிடக்கிறார்கள் என்று வருடா வருடம் செய்தி வருகிறது. ஆளும் கட்சி நிதியைக் கூட்டிவிட்டோம் என்கிறது, எதிர்க்கட்சி போதாது என்கிறது. உண்மையில் பணம்தான் பிரச்சினையா, நிர்வாகமா? படுக்கைகளைக் கூட்டிவிட்டால் தீராதா?"

பணம் பிரச்சினைதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எவ்வளவு பணம் என்று கேட்பதோடு பெரும்பாலும் விவாதம் நின்றுவிடுகிறது. அது எந்தக் கணக்கில் வருகிறது, எத்தனை வருடத்துக்கு வருகிறது, யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதையும் கேட்டால்தான், நிதி கூடிய வருடத்திலும் வராந்தா ஏன் நிரம்பியிருக்கிறது என்பது புரியும். படுக்கை எண்ணிக்கை மேடையில் சொல்லச் சுலபமான எண் என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். எனவே அந்தப் படுக்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

கட்டில், மெத்தை, ஆக்சிஜன் குழாய், தலைமாட்டில் ஒரு மானிட்டர். இவையெல்லாம் விலைக்குக் கிடைக்கும் பொருட்கள். அங்கே படுத்திருப்பவருக்கு இரவு மூன்று மணிக்கு மூச்சுத் திணறினால் ஓடி வர ஒரு நர்ஸ் இருந்தால்தான் அது ஆஸ்பத்திரிப் படுக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸ் வாரம் 40 மணி நேரம் டியூட்டி பார்த்தால், ஒரே ஓர் இடத்தை இரவு பகலாக நிரப்ப நாலு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, உடம்பு சரியில்லாத நாட்கள், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1999-இல் கையெழுத்தாகி 2004-இல் நடைமுறைக்கு வந்தது. இப்போதைய விதிப்படி பொது வார்டில் ஒரு நர்ஸிடம் ஐந்து நோயாளிக்கு மேல் விடக் கூடாது, ஐசியூவில் இரண்டு பேருக்கு மேல் விடக் கூடாது. இந்த அளவில் 30 படுக்கை உள்ள ஒரு வார்டுக்கு ஒரு நேரத்தில் ஆறு நர்ஸ், மொத்தத்தில் 30 நர்ஸ் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். கட்டிலுக்கு ஒருவர் வீதம் ஆகிவிடுகிறது. டாக்டர், லேப், எக்ஸ்ரே, மருந்தகம், துப்புரவுப் பணியாளர் எல்லாம் இதற்கு மேல்.

கொரோனா வந்த 2020-ஆம் வருடம் இதை உலகமே பார்க்கும்படி காட்டியது. வூஹானில் பத்து நாளில் 1,000 படுக்கையோடு ஹூவோஷென்ஷான் ஆஸ்பத்திரி எழுந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. கட்டுமான வேகத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதே நேரத்தில் ராணுவத்தின் மருத்துவப் பிரிவிலிருந்து 1,400 பேரை அங்கே பணிக்கு அனுப்பினார்கள் என்பது பெரும்பாலோர் கவனத்தில் தங்கவில்லை. லண்டனில் எக்செல் கண்காட்சி அரங்கை ஒன்பது நாளில் ஆஸ்பத்திரியாக மாற்றி ஏப்ரல் 3-ஆம் தேதி திறந்தார்கள். 4,000 பேர் வரை படுக்க வைக்கலாம் என்ற திட்டம். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர். பழைய ஆஸ்பத்திரிகள் தங்கள் ஐசியூவை விரித்துச் சமாளித்தது ஒரு காரணம். அனுபவமுள்ள ஐசியூ நர்ஸ்கள் ஏற்கெனவே அந்த ஆஸ்பத்திரிகளில்தான் இருந்தார்கள், புதிய இடத்துக்கென்று தனியாக ஆட்கள் இல்லை என்பது இன்னொரு காரணம். ஐசியூ நர்ஸ் ஒருவரை உருவாக்கப் படிப்பும் அனுபவமும் சேர்த்துப் பல வருடங்கள் ஆகும். அதை ஒன்பது நாளில் முடிக்க எந்த அரசாலும் முடியாது.

அடுத்தது காலம். படுக்கைத் தேவையை ஒரே வரிக் கணக்கில் சொல்லிவிடலாம்: ஒரு நாளைக்கு எத்தனை பேர் அட்மிட் ஆகிறார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார், இரண்டையும் பெருக்கினால் சராசரியாக எத்தனை படுக்கை நிரம்பியிருக்கும் என்று வரும். ஜான் லிட்டில் என்ற அறிஞர் 1961-இல் நிரூபித்துக் காட்டிய விதி இது. நாளைக்கு 40 பேர் சேர்ந்து ஆறு நாள் தங்கினால் 240 படுக்கை வேண்டும். தங்கும் காலம் அரை நாள் குறைந்தால் 220 போதும். அதாவது கட்டடம் எதுவும் கட்டாமல் 20 படுக்கை கிடைத்துவிடுகிறது. அரை நாள் கூடினால் 20 படுக்கை போய்விடுகிறது. ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு நாள் தாமதமாவதும், சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வராததால் சனிக்கிழமை போக வேண்டியவர் திங்கட்கிழமை வரை படுத்திருப்பதும் இப்படித்தான் பெரிய எண்ணாக மாறுகின்றன. "நிர்வாகம்தான் பிரச்சினை" என்று சொல்பவர்களுக்கு இங்கே நிஜமான ஆதாரம் இருக்கிறது. அதை மறுக்கக் கூடாது.

ஆனால் அவர்கள் அடுத்ததாகச் செய்யும் தவறு ரொம்பப் பெரியது. 240 வேண்டும் என்றால் 250 வைத்தால் போதும், மிச்சம் பத்து இருக்கிறதே என்பார்கள். சராசரி என்பது எல்லா நாளும் வருவதில்லை. இன்று 33 பேர் வருவார்கள், நாளை 48 பேர். நோயாளிகள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் தற்செயலாக வருகிறார்கள் என்று மட்டும் வைத்துக்கொண்டு கணக்கிட்டாலே, சராசரி 240 தேவைப்படும் ஆஸ்பத்திரியில் 250 படுக்கை இருந்தால் ஏறக்குறைய நாலு நாளில் ஒரு நாள் இடம் போதாது. அதே ஆஸ்பத்திரியில் 282 படுக்கை இருந்தால் போதாத நாள் வருடத்துக்கு ஒன்றுதான் வரும். நூற்றுக்கு 96 நிரம்பியிருப்பதற்கும் 85 நிரம்பியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு. நிஜத்தில் நோயாளிகள் அப்படிச் சீரான தற்செயலாகவும் வருவதில்லை. குளிர்காலக் காய்ச்சல், டெங்கு, பெரிய விபத்து என்று கூட்டமாக வருவார்கள். அதனால் நிலைமை இந்தக் கணக்கைவிட மோசமாகவே இருக்கும்.

பரவலாகப் பேசப்படும் அந்த 85 என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, கணினியில் ஒரு ஆஸ்பத்திரியின் நாட்களை ஓட்டிப் பார்த்தது. சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பும்போது ஆபத்து தென்பட ஆரம்பிக்கிறது, 90-ஐத் தொட்டால் படுக்கை இல்லாத நாட்கள் அடிக்கடி வரும் என்று அது சொன்னது. அப்புறம் அந்த எண் ஒரு மந்திரம் போல எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. அது சரியல்ல. சின்ன இடங்களுக்கு இன்னும் அதிக இடைவெளி வேண்டும். பத்துப் படுக்கை உள்ள ஒரு ஐசியூவில் சராசரி தேவை எட்டு என்றால் 80 சதவீதம்தான், பார்க்க நிம்மதியாக இருக்கும். மேலே சொன்ன அதே தற்செயல் கணக்கை இங்கே போட்டால், ஐந்து நாளில் ஒரு நாள் பத்துக்கும் மேல் தேவைப்படுகிறது. 300 படுக்கை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே 80 சதவீதம் என்றால் வருடம் முழுக்கப் பிரச்சினையே வராது. பிள்ளைகளின் ஐசியூ, தீக்காய வார்டு, சிறிய ஊர் ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பெரிய நகர ஆஸ்பத்திரியின் சதவீதத்தோடு ஒப்பிட்டு "இங்கே பாதி காலி, மூடிவிடலாம்" என்று முடிவெடுப்பது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து தெரியும்.

பணத்தைப் பற்றிய விவாதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். காலிப் படுக்கைக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆள் உள்ள, தயாரான, இன்று யாரும் படுக்காத படுக்கை. தீயணைப்பு நிலையத்தில் வண்டி சும்மா நிற்கிறதே என்று யாரும் அதை விற்பதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் காலிப் படுக்கையைத் தணிக்கை அதிகாரி பார்த்தால் வீண் செலவு என்று குறிப்பு எழுதுகிறார். அடுத்த பட்ஜெட்டில் அது போய்விடுகிறது. இப்படி வருடா வருடம் சீவிச் சீவி, ஒரு சாதாரண நாளில் சரியாகப் பொருந்தும் அளவுக்கு ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்துவிட்டால், சாதாரணமாக இல்லாத முதல் வாரத்திலேயே எல்லாம் அடைத்துக்கொள்ளும். வார்டில் இடம் இல்லாததால் எமர்ஜென்சியில் இருப்பவர் மேலே போக முடியாது. எமர்ஜென்சி நிரம்பியதால் ஆம்புலன்ஸ் ஆளை இறக்க முடியாமல் வாசலில் நிற்கும். அந்த ஆம்புலன்ஸ் அடுத்த மாரடைப்புக்குப் போக முடியாது. உள்ளே திட்டமிட்டிருந்த முழங்கால் ஆபரேஷனும் புற்றுநோய் ஆபரேஷனும் தள்ளிப்போகும்.

இது வெறும் அசௌகரியம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, அட்மிட் செய்ய வேண்டியவர் வந்ததிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் படுக்கைக்குக் காத்திருந்தால், அப்படிக் காத்திருந்த ஒவ்வொரு 82 பேருக்கும் 30 நாளுக்குள் ஒரு மரணம் கூடுதலாக நடக்கிறது என்று கணக்கிட்டது. இந்த மரணங்கள் எந்தச் சான்றிதழிலும் "படுக்கை இல்லாததால்" என்று எழுதப்படுவதில்லை. நிமோனியா என்றோ இதயச் செயலிழப்பு என்றோதான் எழுதப்படும். அதனால்தான் காலிப் படுக்கையின் செலவு பட்ஜெட்டில் கண்ணுக்குத் தெரிகிறது, அது இல்லாததன் செலவு எங்கேயும் தெரிவதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது இங்கேதான்.

சரி, உள்ளே வருவதைப் பார்த்தோம். வெளியே போவது எப்படி? பெரிய ஆஸ்பத்திரி எதிலும் எந்த நாளிலும் சிகிச்சை முடிந்தும் போக முடியாதவர்கள் இருப்பார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கும், நடக்க ஆள் துணை வேண்டும், வீட்டில் யாரும் இல்லை, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் 2022-23 குளிர்காலத்தில் இப்படிப்பட்டவர்கள் சராசரியாக ஒரு நாளில் 12,000-க்கு மேல் இருந்தார்கள். இவர்களைக் குறை சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை. படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தசை வலு குறைகிறது, தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அங்கே இருப்பதில் முதலில் பாதிக்கப்படுபவர்களே அவர்கள்தான்.

இது ஏன் தீரவில்லை என்றால், பல நாடுகளில் ஆஸ்பத்திரிப் பணம் ஒரு பையில் இருக்கிறது, வீட்டுப் பராமரிப்பு, முதியோர் இல்லம் ஆகியவற்றின் பணம் வேறொரு பையில் இருக்கிறது. முதல் பை மத்திய அரசிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ இருக்கும். இரண்டாவது உள்ளாட்சியிடமோ குடும்பத்திடமோ இருக்கும். இரண்டாவது பையில் வெட்டினால் வெட்டியவருக்கு மிச்சம் ஆகிறது, செலவு முதல் பைக்குப் போகிறது. ஸ்வீடன் 1992-இல் இதை நேராகக் கை வைத்துச் சரிசெய்தது. சிகிச்சை முடிந்த நோயாளி ஆஸ்பத்திரியிலேயே இருந்தால் அதற்கான செலவை நகராட்சி கொடுக்க வேண்டும் என்றாக்கியது. நகராட்சிகள் பராமரிப்பு இடங்களை ஏற்படுத்தின, தேங்கி நின்றவர்கள் எண்ணிக்கை குறைந்தது. நார்வே 2012-இல் இதே வழிக்கு வந்தது. ஜப்பானில், பராமரிக்க ஆள் இல்லாததால் முதியவர்கள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் தங்குவது அவ்வளவு பரவலாக இருந்ததால் அதற்கென்றே "சமூகக் காரணத்துக்கான அட்மிஷன்" என்று பெயர் வைத்திருந்தார்கள். 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடு கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வழிகளிலும் ஒரு குழி உண்டு. அபராதத்துக்குப் பயந்து அரைகுறையாக அனுப்பினால், அதே நோயாளி பத்து நாளில் ஆம்புலன்ஸில் திரும்பி வருவார். போகும் இடத்தில் நிஜமாகவே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த விதியை மட்டும் எடுத்துக்கொண்டால் பயன் இல்லை.

இப்போது "படுக்கைகளைக் கூட்டினால் தீராதா" என்ற கேள்விக்கு வருகிறேன். உலக நாடுகளைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். ஆயிரம் பேருக்கு ஜப்பானிலும் தென் கொரியாவிலும் 12-க்கு மேல் படுக்கை இருக்கிறது. ஜெர்மனியில் 8-ஐ ஒட்டி இருக்கிறது. பிரிட்டனில் இரண்டரைக்கும் கொஞ்சம் குறைவு, ஸ்வீடனில் இரண்டு. ஸ்வீடனில் மக்கள் ஜெர்மனியைவிடச் சீக்கிரம் இறந்துபோவதில்லை. அமெரிக்கா தன் நாட்டு உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது, அங்கே ஆயிரம் பேருக்கு மூன்று படுக்கைகூட இல்லை. எண்ணிக்கைக்கும் நல்ல சேவைக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை. நாடுகள் படுக்கை என்று எதை எண்ணுகின்றன என்பதும் மாறும். ஜப்பானின் எண்ணிக்கையில் நீண்டநாள் தங்கும் படுக்கைகளும் மனநல ஆஸ்பத்திரிப் படுக்கைகளும் பெரும் பங்கு.

மில்டன் ரோமர் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-ஐ ஒட்டிய வருடங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். காப்பீடு உள்ள மக்கள் மத்தியில் படுக்கை கூடினால், நோய் கூடாமலே அந்தப் படுக்கை நிரம்பிவிடுகிறது. இதை வைத்துத்தான் அமெரிக்க மாநிலங்கள் பல, புதிய ஆஸ்பத்திரி கட்டுமுன் தேவையை நிரூபித்து அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டன. ஜப்பான் 1985-இல் வட்டாரவாரியாகப் படுக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பு வருகிறது என்று தெரிந்ததும் அதற்கு முன்பே கட்டிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிகள் போட்டி போட்டுப் படுக்கைகளைக் கூட்டின. ரோமர் சொன்னது உண்மைதான், ஆனால் அதை எடுத்துக்கொள்ளும் இடம் முக்கியம். ஒவ்வொரு அட்மிஷனுக்கும் ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும் அமைப்பில், படுக்கை ஏற்கெனவே தாராளமாக இருக்கும் ஊரில் அது பொருந்தும். வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் வரிசை நிற்கும் ஊரில் அதை மேற்கோள் காட்டி நிதியை மறுப்பது நேர்மையில்லை.

இங்கிலாந்தின் கதை இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. 1987-88-இல் அங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் சுமார் 2,99,000 படுக்கை இருந்தது. 2019-20-இல் சுமார் 1,41,000. பாதிக்கும் கீழே. இதில் நல்லதும் உண்டு. பெரிய மனநலக் காப்பகங்களை மூடிவிட்டு, அங்கே ஆயுள் முழுக்க அடைபட்டிருந்தவர்களை வெளியே வாழ வைத்தது ஒரு முன்னேற்றம். கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு காலத்தில் நாள்கணக்கில் படுக்க வேண்டியிருந்தது, இப்போது காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். பித்தப்பைக் கல் ஆபரேஷன் பெரும்பாலும் சிறு துளை வழியே செய்யும் சாவித்துளை ஆபரேஷனாகிவிட்டது. இந்த மிச்சமெல்லாம் நிஜமான மிச்சம். அதைக் கண்டு ஊக்கம் பெற்று, இன்னும் வெட்டலாம், தொழில்நுட்பம் ஈடுகட்டும் என்று போய்க்கொண்டே இருந்ததுதான் தவறு. ஒரு நாள் ஆபரேஷனுக்கு மாறக்கூடியவர்கள் மாறிய பிறகு வார்டில் மிஞ்சுபவர்கள் யார்? எண்பது வயதுக்காரர், சர்க்கரை, சிறுநீரகம், இதயம் மூன்றும் கெட்டவர். இவர்களுடைய ஆறு நாளை மூன்றாக்க முடியாது. மக்கள்தொகையில் அவர்கள் பங்கு கூடிக்கொண்டே போகும்போது வெட்டுவது எங்கேயோ நின்றிருக்க வேண்டும்.

பணம் எப்படி வருகிறது என்பது அடுத்தது. கட்டடத்துக்கு ஒருமுறை தரும் நிதியும், சம்பளத்துக்கு வருடா வருடம் தரும் நிதியும் வேறு வேறு. முதலாவதுக்கு அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டு வைக்கலாம். இரண்டாவதுக்கு விழா இல்லை. அதனால் பல ஏழை நாடுகளில் அழகான கட்டடமும் நிரப்பப்படாத பணியிடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இந்தியாவின் 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கை, ஆயிரம் பேருக்கு இரண்டு படுக்கை வேண்டும் என்றது, 2025-க்குள் அரசுச் செலவு நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை எட்ட வேண்டும் என்றது. பெருந்தொற்று நடந்துகொண்டிருந்த 2021-22-இல்கூட அது 1.84 சதவீதம்தான். அந்த வருடம் மொத்த மருத்துவச் செலவில் 39 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். இப்படி இருக்கும் இடத்தில் முதலில் நிர்வாகத்தைச் சரிசெய்யுங்கள், அப்புறம் பணம் பார்க்கலாம் என்பது பேசத் தகுந்த வாதமே இல்லை. அடிப்படை நிதியே போதாது.

பணக்கார நாடுகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஜெர்மனியில் 1972 முதல் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மாநில அரசு, அன்றாடச் செலவுக்குக் காப்பீட்டு நிதியம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மாநிலங்கள் தங்கள் பங்கைச் சரியாகக் கொடுக்காமல் விட, ஆஸ்பத்திரிகள் சிகிச்சைக்கு வந்த பணத்திலிருந்து கட்டடத்தைப் பார்த்துக்கொண்டன. போதாதென்று, இந்த நோய்க்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டணம் நிர்ணயிக்கும் முறையும் வந்தது. அமெரிக்காவில் முதியோர் காப்பீடு 1983-இல் தொடங்கிய முறை இது. நாள்கணக்கில் பணம் தருவதை நிறுத்தியதால் தேவையில்லாமல் தங்க வைப்பது குறைந்தது, அது நல்ல விளைவு. ஆனால் நிர்ணயித்த தொகைக்குள் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் கை முதலில் போவது நர்ஸ் எண்ணிக்கையின் மீது. ஜெர்மனி இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு 2020 முதல் வார்டு நர்ஸ் செலவை அந்தக் கட்டணத்திலிருந்து எடுத்துத் தனியாகக் கொடுக்கிறது. படுக்கை அங்கே ஏராளம், ஆள்தான் குறைவு என்ற நிலை வந்த பிறகுதான் அது நடந்தது.

ஒவ்வொரு வருடமும் கூடுதலாகக் கேட்கிறார்களே, எங்கே போகிறது என்ற எரிச்சலும் பொதுமக்களிடம் இருக்கிறது. அதற்குப் பொருளாதாரத்தில் வில்லியம் பாமோல் 1960-களில் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்வது வருடா வருடம் கூடுகிறது, அதற்கேற்பச் சம்பளம் ஏறுகிறது. நர்ஸ் ஒருவர் ஒரு மணி நேரத்தில் குளிப்பாட்டித் திருப்பிப் படுக்க வைக்கக்கூடிய நோயாளிகள் எண்ணிக்கை அப்படிக் கூடாது. ஆனால் சம்பளம் மற்ற துறைகளோடு சேர்ந்து ஏறாவிட்டால் அந்த வேலைக்கு ஆளே வரமாட்டார்கள். எனவே இதே சேவையை இதே தரத்தில் வைத்திருக்கவே நிதி விலைவாசியைவிட வேகமாக ஏற வேண்டும். பட்ஜெட்டில் "வரலாறு காணாத ஒதுக்கீடு" என்று சொல்லும்போது அது பொய்யாக இருக்காது. அதே நேரத்தில் வார்டில் நிலைமை மோசமாகவும் ஆகலாம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

நிர்வாகத்தில் செய்யக்கூடியது என்ன என்றால், எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது திட்டமிட்ட ஆபரேஷன்களை வாரம் முழுக்கப் பரப்புவது. எமர்ஜென்சி தற்செயல், ஆபரேஷன் நம் கையில் என்று நினைப்போம். யூஜின் லிட்வாக் என்ற ஆய்வாளர் பல ஆஸ்பத்திரிகளில் பார்த்துச் சொன்னது வேறு. ஆபரேஷன் பட்டியலின் ஏற்ற இறக்கம் எமர்ஜென்சியின் ஏற்ற இறக்கத்துக்குச் சமமாக, சில இடங்களில் அதைவிட அதிகமாகக்கூட இருக்கிறது. சர்ஜன்கள் தங்களுக்கு வசதியான நாட்களில் போட்டுக்கொள்வதுதான் காரணம். திங்களும் செவ்வாயும் குவிந்தால் புதன்கிழமை ஐசியூ பிதுங்கும், வெள்ளிக்கிழமை காலியாக இருக்கும். இதை மாற்ற முயன்றவர்கள் முதலில் மோத வேண்டியது மூத்த சர்ஜன்களோடு என்பதால் பல நிர்வாகிகள் தொடுவதே இல்லை. திட்டமிட்ட எலும்பு ஆபரேஷன்களுக்கு எமர்ஜென்சியே இல்லாத தனி மையம் வைப்பது இன்னொரு வழி. லண்டனுக்குத் தெற்கே எப்சமில் 2004 முதல் அப்படி ஒன்று நடக்கிறது.

தனியார் படுக்கைகளை அரசு காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாமே என்றும் கேட்பார்கள். அவசரத்துக்குச் சரி. நிரந்தர வழியாக அது ஓர் எல்லைக்கு மேல் போகாது, ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் இரண்டு பக்கமும் ஒரே ஊர் நர்ஸ்களையும் மயக்க மருந்து டாக்டர்களையும்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. சுலபமான நோயாளிகள் தனியாருக்கும், கடினமானவர்கள் அரசு வார்டுக்கும் பிரிந்துபோவதும் நடக்கும். ஒப்பந்தத்தில் அதைத் தடுக்கும் விதி இருக்க வேண்டும்.

அடுத்த முறை ஆயிரம் படுக்கை, இரண்டாயிரம் படுக்கை என்று அறிவிப்பு வரும்போது, அதற்கான நர்ஸ் பணியிடங்கள் எத்தனை அனுமதிக்கப்பட்டன, அந்தச் சம்பளம் ஐந்தாவது வருடமும் எந்தத் தலைப்பில் வரும் என்று கேளுங்கள். உங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் நேற்று இரவு 12 மணிக்கு எத்தனை படுக்கை ஆளோடு காலியாக இருந்தது, சிகிச்சை முடிந்தும் போக முடியாமல் எத்தனை பேர் இருந்தார்கள், எமர்ஜென்சியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் படுக்கைக்குக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் இவற்றுக்கு நெருக்கமான எண்களைத் தொடர்ந்து வெளியிடுகிறார்கள், அதை வைத்துத்தான் அங்கே பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் சண்டை போடுகின்றன. அப்படி எண்களே வெளிவராத இடத்தில், நிதி போதுமா என்ற வாதத்தைத் தொடங்குவதற்கு முன் இந்த மூன்று எண்களையும் வாரந்தோறும் வெளியிடச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை. இவற்றில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலேயே கிடைக்கக்கூடியவை, அதற்குப் பெரிய செலவு ஆகாது.